தொண்ணூறு ஆடுகளின் கணக்கு

சென்ற ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒன்றில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவின் பெரும்பாலான வீடுகளில் ஒரே அலைவரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கையின் பேத்தி, பதினான்கு வயதுப் பெண், ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகி அன்றுதான் முதன்முறையாகத் திரையில் தோன்றவிருந்தாள். தங்கை வீட்டுக் கூடத்தில் இடம் போதாமல் சன்னலுக்கு வெளியிலும் சிலர் நின்று பார்த்தார்கள். அவள் பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். அவள் மட்டும் தட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், காதருகே குனிந்து, "தாத்தா, இது நான் பாடினது இல்ல" என்றாள்.

குரல் அவளுடையதுதான். ஆனால் படப்பிடிப்பு அன்று சரணத்தின் இரண்டாவது அடியில், மேலே ஏறும் இடத்தில், சுருதி சற்றே விலகியிருக்கிறது. அது அவளுக்கும் தெரிந்தது, நடுவர்களுக்கும் தெரிந்தது. நடுவர்களில் ஒருவர் அந்த இடத்தை அவளுக்குப் பாடிக் காட்டி, மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று முழுவதும் தனக்குக் கிடைத்தவற்றில் அதுவே பெரிது என்று அவள் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தாள். ஒளிபரப்பில் அந்த விலகலும் இல்லை, அதைத் திருத்திய பாடமும் இல்லை. குரலைக் கணினியில் நேர்செய்துவிட்டு, நடுவர் சொன்னதை வெட்டிவிட்டு, அவர் வேறெந்த நேரத்திலோ கண்கலங்கிய முகத்தை அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

படப்பிடிப்புக் குழுவினர் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். போட்டியாளரின் வீட்டையும் குடும்பத்தையும் இரண்டு நிமிடம் காட்டும் பகுதி ஒன்று உண்டல்லவா, அதற்காக. தங்கையின் மகன் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர், மருமகள் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். சிறிய மாடி வீடு, வாசலில் கோலம், கூடத்துச் சுவரில் பிள்ளை வாங்கிய சான்றிதழ்கள். குழுவை நடத்திவந்த இளைஞர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது படத்துக்குச் சரியாக வராது என்றார். பிறகு எல்லோரையும் வேனில் ஏற்றிக் காசிமேட்டுக்கு அழைத்துப்போய், மீன்பிடித் துறைமுகத்தில் காயப்போட்டிருந்த வலைகளுக்கு நடுவே அவளை நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர்கள் எவரும் இல்லை. கடலுக்குப் போவதைத் தாழ்வாக நினைத்து இதை எழுதவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கிறவர்களின் வலையை எங்கள் பெயரில் காட்டியது அவர்களுக்கும் செய்த தவறு என்பதால் எழுதுகிறேன். வடசென்னை என்றால் ஒரு வலை, ஒரு குறுகிய சந்து, அழுகிற ஒரு பாட்டி என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவுக்குள் அடங்காத வீடு அவர்களுக்கு வீடாகத் தெரிவதில்லை.

அழுகிற பாட்டியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. "அம்மா, பேத்தி இவ்வளவு தூரம் வந்ததை நினைச்சுக் கொஞ்சம் கலங்குற மாதிரி பேசுங்க" என்று அந்த இளைஞர் கேட்டார். "நான் ஏம்பா கலங்கணும்? சந்தோஷமாத்தானே இருக்கேன்" என்றாள் தங்கை. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். விளக்குகளின் சூடு தாங்காமல் இடையில் ஒருமுறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒளிபரப்பில் வந்தது அந்த ஒரு கணம்தான். அதன் அடியில் ஒரு வயலின் அழுதது. தெருவில் இருந்தவர்கள் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்கள். தங்கை தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

அரங்கத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருந்த மருமகள் இன்னொன்றும் சொன்னாள். மேடையில் ஒருவரும் இல்லாத நேரத்தில், பார்வையாளர்களை ஒருங்கிணைப்பவர் வந்து, இப்போது கைதட்டுங்கள், இப்போது எழுந்து நில்லுங்கள், இப்போது வியப்பாகப் பாருங்கள் என்று வரிசையாகச் சொல்ல, அவ்வளவையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டார்களாம். யாருக்காகத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டிய அந்தக் கைதட்டல் பிறகு யாருடைய பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

இதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணம், நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரத் தொடர்களை விடாமல் பார்த்துவருகிறவன். அவற்றில் வரும் கண்ணீரும் வரவழைக்கப்பட்டதுதான். அரண்மனை அட்டையாலும் பிளைவுட்டாலும் ஆனது. அரசன் பேசும் வசனம் நேற்று ஒருவர் எழுதியது. அவற்றை மனமார நம்பி உட்காருகிற நான், 'இது நடப்பு, இதில் எழுத்து இல்லை' என்று சொல்லும் நிகழ்ச்சியை ஏன் நம்ப மறுக்கிறேன் என்ற கேள்வி அன்று இரவு முதல் என்னை விடவில்லை.

என் தொழிலும் இதில் சேர்கிறது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் ஒருவர் எண்ணுவார். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். ஷிஃப்ட் முடிவில் இரண்டு டாலி ஷீட்டையும் ஒப்பிட்டு, பொருந்தினால் கையெழுத்து. பொருந்தாவிட்டால் மறுபடியும் எண்ணிக்கை. மூட்டையை நேரில் கண்ட என் கண்ணையே கூட நம்பக் கூடாது, எனக்கு எதிர்ப்பக்கம் நின்று எண்ணியவனின் தாளையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நான் பார்த்த முதல் பெரிய தொடர் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகளாக ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது தொலைக்காட்சி இல்லை. எதிர்வீட்டு டயனோரா பெட்டியின் முன் இருபது பேர் உட்காருவோம். தொடர் இந்தியில் இருந்தது. எங்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. கரக்பூரில் ரயில்வே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் மட்டும் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் கேட்டு வளர்ந்த எதிர்வீட்டுப் பாட்டியோ, அவர் சொல்வதோடு ஒப்புக்கொள்ளாமல், "எங்க கூத்துல இது இப்படி இல்லையே" என்று இடைமறிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடரில் அதுவரை வராத அரவான் களப்பலியை, பெட்டியை அணைத்த பிறகு, ஒரு மணி நேரம் அவரே எங்களுக்குச் சொன்னார். அந்தக் கூடத்தில் மூன்று பாரதங்கள் ஒன்றாக நடந்தன. எது கூடுதல், எது குறைவு என்று நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

இன்னொன்றையும் நான் பிற்பாடுதான் கவனித்தேன். அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியையும் 'நான் காலம்' என்று ஒரு குரல் தொடங்கிவைக்கும். கதையை யாரோ ஒருவர் சொல்கிறார், நாம் கேட்கிறோம் என்பதை அது வாரந்தோறும் ஒப்புக்கொண்டது. வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரசா என்பதும் திரையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதே 1988இல் தொடங்கிய ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' இதை இன்னும் தெளிவாகச் செய்தது. 53 பகுதிகளில் இந்தியாவின் வரலாறு முழுவதையும் சொன்ன அந்தத் தொடரில், நேருவாக நடித்த ரோஷன் சேத் நம்மைப் பார்த்துப் பேசுவார். இது சிறையில் இருந்தபடி ஒரு மனிதர் எழுதிய நூலின் பார்வை என்பது நமக்கு மறக்காது. அசோகராக வந்த ஓம் புரியே பின்னொரு வாரம் ஔரங்கசீப்பாக வருவார். ஒரே முகத்தை இரண்டு அரசர்களாகப் பார்க்கும்போது, நடிப்பது யார், நடிக்கப்படுவது யார் என்ற வேறுபாடு பார்ப்பவன் மனத்தில் தானே உண்டாகிவிடுகிறது. சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் அந்தத் தொடர் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கியது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு.

தமிழில் 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த இராமானுஜர் தொடருக்கு, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த கலைஞர் கருணாநிதி வசனம் எழுதினார். வாழ்நாள் முழுவதும் பகுத்தறிவு பேசியவர் ஒரு வைணவ ஆசாரியரின் வாழ்க்கையை எழுதுகிறார் என்றால், சாதி வேற்றுமையை மறுத்த மனிதராக அவரைக் காணும் கண்ணோடுதான் எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'மதத்தில் புரட்சி செய்த மகான்' என்று தலைப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். அந்த வரலாற்றில் ஒரு சிக்கல் உண்டு. இராமானுஜரைத் துன்புறுத்தியதாக, வைணவ ஆசாரியர்களின் வாழ்க்கையைச் சொல்லும் குருபரம்பரை நூல்கள் கூறும் கிருமிகண்ட சோழன் யார் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. முதலாம் குலோத்துங்கன் என்பாரும் உண்டு, இரண்டாம் குலோத்துங்கன் என்பாரும் உண்டு, அதிராஜேந்திரன் என்பாரும் உண்டு. வரலாற்று நூலாசிரியர் மூன்று பெயரையும் எழுதி, அருகில் ஒரு வினாக்குறி இட்டுவிட்டுப் போகலாம். தொடர் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வினாக்குறிக்கு முடிசூட்டி அரியணையில் உட்காரவைக்க இயலாது. அவர் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். அந்த முடிவை நான் மதிக்கிறேன். முடிவெடுத்தவர் பெயர் தெரியும், அவர் எதை நம்பி எடுத்தார் என்பதும் தெரியும், ஐயம் வந்தால் நூல்களைத் தேடிப் போகவும் முடியும்.

தேடிப் போவதற்கு எங்களுக்கு நெடுந்தூரமும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்வெட்டுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அப்போதுதான், பிறந்தது முதல் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் போய்வந்த திருவொற்றியூர் தியாகராச சுவாமி கோயில் எனக்கு வேறு ஒன்றாகத் தெரியத் தொடங்கியது. வேறெந்தத் தொடரும் இதுவரை எனக்குத் தராத ஒரு கதை அங்கே கல்லில் இருக்கிறது.

949ஆம் ஆண்டு, அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் ஒரு போர் நடந்தது. ஒருபுறம் முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன். மறுபுறம் இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகனும். இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே கொல்லப்பட்டான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுகின்றன. அவனுக்கு வல்லபன் என்று கேரள நாட்டு நண்பன் ஒருவன் இருந்தான். கல்வியில் தேர்ந்தவன், அவனுடைய படையில் தலைவன். போர் நடந்த அன்று வல்லபன் களத்தில் இல்லை. தலைவனோடு சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற துயரத்தில் உலக வாழ்வைத் துறந்து, கங்கையில் நீராடி, பின் திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் இங்கிருந்த மடத்தின் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு திருவொற்றியூரிலேயே உள்ளது. அது யாருடைய ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது என்பதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவனின், அதாவது அந்த மூன்றாம் கிருஷ்ணனின், 20ஆம் ஆட்சியாண்டு அது, 959. தன் நண்பனைக் கொன்ற படையின் அரசன் பெயரால் ஆண்டைக் குறித்துத்தான், தன் துயரத்தை அந்தத் துறவி கல்லில் ஏற்ற வேண்டியிருந்தது.

இந்தக் கதையை யாராவது தொடராக எடுத்தால் நான் ஒரு பகுதியையும் விடாமல் பார்ப்பேன். எடுப்பவர் எங்கே கற்பனை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிட முடியும். வல்லபன் அன்று ஏன் களத்தில் இல்லை என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஒரு சூழ்ச்சியை வைக்கலாம், ஒரு நோயை வைக்கலாம், ஒரு பெண்ணை வைக்கலாம். எதை வைத்தாலும் நான் கோபப்பட மாட்டேன். கல் முடிகிற இடம் எது, எழுத்தாளர் தொடங்குகிற இடம் எது என்பது எனக்குத் தெரியும்.

இராசாதித்தன் இறந்ததற்கு இரண்டு பக்கத்துக் கணக்கும் இருக்கிறது என்பது, டாலி கிளார்க்கான எனக்குத் தனி நிறைவைத் தருகிறது. கருநாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கல், பூதுகன் அம்பாரியையே களமாக்கிக்கொண்டு அவனைக் கொன்றதாகக் கூறுகிறது. (அந்தக் கல் நடப்பட்டது உண்மையில் காட்டுப்பன்றியோடு பொருது இறந்த காளி என்ற வேட்டைநாயின் நினைவாக, போர்ச் செய்தி அதனோடு சேர்ந்து வருகிறது.) சோழர் தரப்பில், லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள், கிருஷ்ணனின் கூரிய அம்புகள் நெஞ்சில் பாய்ந்து அவன் யானை மீதே வீரசுவர்க்கம் எய்தியதாகப் பாடுகின்றன. வென்றவன் தாளும் தோற்றவன் தாளும் கொன்ற கை எது என்பதில் வேறுபடுகின்றன. யானையையும் மரணத்தையும் பற்றிய வரியில் பொருந்திவிடுகின்றன. பொருந்துகிற வரியை நம்பலாம், பொருந்தாத வரியில் மேலும் கேட்கலாம்.

திருவொற்றியூர் போன்ற பழைய கோயில்களின் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காகத் தொண்ணூறு ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்றால், செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எப்போது எண்ணினாலும் எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்கும் பொறுப்பை இடையர் ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். கொடுத்தவர் யார், பெற்றுக்கொண்டவர் யார், எத்தனை என்பதை எல்லோரும் நடமாடுகிற பொதுச் சுவரில் எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருகிற நானும் எண்ணிப் பார்க்கலாம்.

'ரியாலிட்டி ஷோ' எனப்படும் நடப்பு நிகழ்ச்சிகளின் மீது எனக்கு எழும் ஐயம் இங்கேதான் வேர்விடுகிறது. அவற்றைப் பற்றிய ஒரே சான்று அவையே. நெதர்லாந்தில் 1999இல் பிறந்த 'பிக் பிரதர்' என்ற வடிவம் உலகெங்கும் பரவி, 2017 ஜூன் 25 அன்று 'பிக் பாஸ்' என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது. அதில் ஓட்டைகள் இருப்பதாக நான் எதையும் சொல்லவில்லை. அந்த வடிவத்தின் இயல்பைச் சொல்கிறேன். ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 60 நிமிடம். விளம்பரத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. எஞ்சிய 1380 நிமிடங்களில் சிரித்தவன் காட்டப்பட்ட நிமிடத்தில் சினந்திருக்கலாம்; உதவியவள் காட்டப்பட்ட நிமிடத்தில் மறுத்திருக்கலாம். எந்த நிமிடத்தை எடுப்பது என்று ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானமும் ஓர் எழுத்துதான். எழுதியவர் பெயர் மட்டும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பிற்காலத்தில் 24 மணி நேரமும் இணையத்தில் நேரலையாகக் காட்டும் வழக்கம் வந்தபோது நான் அதை வரவேற்றேன். அதனால் கொஞ்சமாவது இரண்டாவது தாள் ஒன்று பார்வையாளர் கைக்கு வந்தது.

ஐயப்படுவது புதிய பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் 1956 முதல் 1958 வரை ஓடிய 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினா நிகழ்ச்சியில், சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் வாரக்கணக்கில் வென்று நாட்டின் செல்லப்பிள்ளையானார். விடைகள் தனக்கு முன்பே கொடுக்கப்பட்டன என்று 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். அவரிடம் தோற்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பெல், நெற்றி வியர்வையை எப்படி ஒற்றியெடுக்க வேண்டும் என்பது வரை தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கூறினார். தங்கை முந்தானையால் முகம் துடைத்ததை நினைத்துக்கொண்டேன். அறிவுப் போட்டியின் முடிவை இரகசியமாக முன்கூட்டியே தீர்மானிப்பதைக் குற்றமாக்கி அந்நாட்டில் 1960இல் சட்டம் வந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான சான்று தென்கொரியாவிலிருந்து வருகிறது. 2019 ஜூலையில், 'புரொடியூஸ் எக்ஸ் 101' என்ற போட்டியின் இறுதிச் சுற்றில், பாட்டுக்குழுவில் இடம்பெறப்போகும் இளைஞர்களை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் பெற்ற வாக்கையும் திரையில் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த இரசிகர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். அடுத்தடுத்த இடங்களில் இருந்தவர்களுக்கு இடையே 29,978 என்ற ஒரே வித்தியாசம் ஐந்து முறை திரும்ப வந்தது. இலட்சக்கணக்கானவர்கள் தனித்தனியாகப் போடும் வாக்கில் அப்படி நேராது என்பது எண்ணத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அவர்கள் விடவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். வாக்கு எண்ணிக்கை மாற்றப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டு, நிகழ்ச்சியை இயக்கிய தயாரிப்பாளருக்கு 2020 மே மாதம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தொடர் போட்டிகளில் அநியாயமாக வெளியேற்றப்பட்ட 12 பேரின் பெயர்களை வெளிப்படையாக அறிவித்தது. இழந்த இடத்தை அது திருப்பித் தரவில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு பெயர்களும் பொதுச் சுவரில் எழுதப்பட்டன என்பதைப் படித்தபோது, எவருடைய பிள்ளைகளோ, எனக்குக் கண் நிறைந்தது.

இவ்வளவையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முரண் எனக்குப் பொறுக்கவில்லை. 1990இல் திப்பு சுல்தானைப் பற்றிய தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது, எதிர்ப்பும் வழக்கும் எழுந்து, இது பகவான் கித்வானியின் புதினத்தை ஒட்டியது, இதன் நிகழ்ச்சிகள் உண்மை என்று உரிமை கோரவில்லை என்ற பொருளில் அறிவிப்புப் போட வேண்டியிருந்தது. இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வேண்டும் என்று 2020இல் அந்நாட்டு அமைச்சர் ஒருவரே கேட்டார். பட்டாடையும் கிரீடமும் அணிந்து வருகிறவர் நடிகர் என்று குழந்தைக்கும் தெரியும். அவரிடம் போய், நீ நடிப்பதாக எழுதிக்கொடு என்று கேட்கிறோம். எங்கள் தெருப் பெண்ணை வேறொருவர் கரையில் நடக்கவைத்து, அவள் குரலை மாற்றி, அவள் பாட்டியின் வியர்வையைக் கண்ணீராக்கி, 'உண்மைக் கதை' என்று தலைப்பிடுகிறவரிடம் அந்த ஒரு வரியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்த வரி வேண்டும். குரல் திருத்தப்பட்டிருந்தால் திருத்தப்பட்டது என்று கீழே எழுதுங்கள். வாக்குக் கேட்டால், எத்தனை வந்தது, யார் எண்ணினார், யார் சரிபார்த்தார் என்று வெளியிடுங்கள். படம் பிடித்த இடம் அவள் வீடு இல்லை என்றால், எந்த இடம் என்று சொல்லுங்கள். பணம் பெரிதாகச் செலவாகாது.

அவள் மூன்றாவது சுற்றில் வெளியேறினாள். வாக்கு எண்ணிக்கை எங்களுக்குக் காட்டப்படவில்லை. ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை, பாடவும் இல்லை. அடுத்த பிரதோஷத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கினேன். கோயிலுக்குள் அவளைச் சுவரருகே நிறுத்தி, இராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழத் தச்சன் என்ற இரவி கட்டிய விமானம் யானையின் முதுகைப் போல் பின்புறம் வளைந்திருப்பதைக் காட்டினேன். பிறகு எழுத்துகளைக் காட்டினேன். 'ட' அவளுக்கு உடனே தெரிந்தது. 'ப'வும் 'ம'வும் அடுத்து. நான் விரலை வைத்த வரியில், 'ஆடு' என்று அவளே கூட்டிப் படித்தாள். எத்தனை ஆடு என்று கேட்டாள், தொண்ணூறு என்றேன். எதற்கு என்றாள், சொன்னேன். "எண்ணிப் பாத்தாங்களா தாத்தா?" என்று கேட்டாள். எண்ணாமல் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்றேன்.

திரும்பும் வழியில் மகிழமரத்தருகே உட்கார்ந்தோம். சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்யும்போது இறைவனை மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி வேண்டிக்கொண்டதையும், இறைவன் சங்கிலியாரிடம் மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டதையும் பெரியபுராணம் சொல்கிறது. சாட்சியை இடம் மாற்றப் பார்த்தவருக்குச் சாட்சி இருக்கிற இடத்திலேயே நிற்க நேர்ந்த கதை. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவர் கண் மறைந்தது. அவளுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் கேட்காமலே, சுந்தரர் இந்தத் தலத்தில் பாடிய தேவாரத்தை மெல்லத் தொடங்கினாள். ஒலிவாங்கி இல்லை, விளக்கு இல்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவரும், பிரசாதத் தொன்னையோடு நின்ற இரண்டு சிறுவர்களும், நானும். மேலே ஏறும் இடத்தில், அன்று விலகியதைப் போலவே, சுருதி சற்று விலகியது. அவள் நிறுத்தினாள். நடுவர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை முன்னதாகவே எடுத்துக்கொண்டு, அந்த வரியை மறுபடியும் தொடங்கினாள்.